அதிமதுரத்தில் துரு: ஸ்பிரேயரை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள்

கேள்வி: சென்னையில் மணலி பக்கம் மாத்தூரில் வசிக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், வயது 64. வீட்டை ஒட்டி அரை கிரவுண்டு காலி மனை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம், இணையத்தில் பார்த்து வடநாட்டிலிருந்து அதிமதுரத் தண்டு 30 துண்டு வரவழைத்து நட்டேன். 22 பிழைத்தது. 14 மனையில், 8 மாடியில் செடிப்பையில். போன தை மாதம் தரையிலிருந்து வந்த துளிர்களில் சில வெளிறி, ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியாக நின்றன. மாசியில் அவற்றின் இலை முழுக்கப் பழுப்புத் தூள். மற்ற செடிகளிலும் அங்கங்கே புள்ளி. மோர்க்கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் எல்லாம் அடித்தேன், கேட்கவில்லை. சித்திரைக் கடைசியில் நனையும் கந்தகமும், மூன்று நாள் கழித்து வேப்பெண்ணெயும் அடித்தேன். தூள் நின்றுவிட்டது. ஆனால் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இது என்ன நோய்? நிரந்தரமாகப் போக என்ன மருந்து அடிக்கலாம்? பக்கத்திலுள்ள அவரைக்கும் ஜாதிமல்லிக்கும் தாவுமா? வேரைப் பேத்தியின் இருமலுக்குக் கொடுக்கலாமா, நானும் குடிக்கலாமா (எனக்கு பிரஷர் உண்டு)? நாட்டு மருந்துக் கடைகள் இருக்கும் ராசப்ப செட்டித் தெருவில் கொடுத்தால் வாங்குவார்களா? தெருவில் இரண்டு வீட்டுக்கு ஏற்கெனவே துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கவர் வந்து சேர்ந்தது சார். இலையைப் பச்சையாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். வழியிலேயே புழுங்கிப் பாதி அழுகிவிட்டது. நல்லவேளை, அதோடு மாசியில் காய்ந்துபோன ஒரு குச்சியையும் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தீர்கள். பதில் சொல்ல முடிந்தது அந்தக் குச்சியால்தான்.

மாத்தூர் என்று முகவரியைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம் நோயே இல்லையோ என்பதுதான். மணலி, எண்ணூர் பக்கம் மாடியில் வெள்ளை வேட்டி காயப்போடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பலும் கரித்தூளும் புழுதியும் இலைமேல் படிந்து, பனியில் ஊறிப் பழுப்பாக அப்பிக்கொள்ளும். "துரு பிடித்துவிட்டது" என்று அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தப் படிவுதான். பிரித்துப் பார்ப்பது சுலபம். ஈரத்துணியால் இலையின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். புழுதி என்றால் துணியோடு போய்விடும், அடியில் இலை முழுசாக இருக்கும். அப்புறம் இலையைத் திருப்பி, கீழ்ப்பக்கத்தை வெள்ளைத்தாளில் வைத்து லேசாகத் தேயுங்கள். துரு என்னும் பூஞ்சை நோய் என்றால் தாளில் செங்கல்பொடி நிறத்தில் கோடு விழும். கை லென்ஸில் பார்த்தால் இலைத்தோல் கடுகளவுக்கும் சின்னதாகப் புடைத்து, வெடித்து, உதடு பிரிந்தமாதிரி நிற்கும். தூள் மேலிருந்து விழுந்ததல்ல, உள்ளிருந்து பீறிட்டது என்பதற்கு அந்த உதடுதான் சாட்சி. செஞ்சிலந்திப்பேன் தாக்கினாலும் இலை பழுப்படிக்கும். ஆனால் அதில் நூலாம்படை இருக்கும், விரலில் தூள் ஒட்டாது.

உங்கள் குச்சியில் உதடு பிரிந்த புடைப்புகள் தண்டு வரைக்கும் இருந்தன. தூளைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன். மஞ்சள் பழுப்பில், மேலே சின்னச் சின்ன முள்ளோடு உருண்டையான வித்துகள் (பூஞ்சைக்கு விதை மாதிரி) ஏராளம். நடுவே இன்னும் கறுத்த, காம்பு வைத்த வித்துகள் சில, எல்லாம் ஒற்றை அறை. துருப் பூஞ்சைகளில் பக்சீனியா வகை என்றால் இந்தக் காம்பு வித்துக்கு இரண்டு அறை இருக்கும். ஒற்றை அறை யூரோமைசஸ் வகையின் அடையாளம். அதிமதுரத்தைத் தாக்கும் துருவின் பெயர் யூரோமைசஸ் கிளைசிரைசே. சீனாவின் வடமேற்கிலும் மத்திய ஆசியாவிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் அதிமதுரத்துக்கு நன்றாகப் பழக்கமான நோய் இது. ஆக, உங்கள் செடிக்கு வந்திருப்பது துருதான்.

மருந்துக்கு வருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் துரு உங்கள் மனைக்கு எப்படி வந்தது?

துரு காற்றில் பறக்கிற நோய்தான், அதில் சந்தேகமில்லை. கோதுமையின் கருந்துரு நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடையைக் கழித்துவிட்டு, அங்கிருந்து காற்றேறிச் சமவெளிக் கோதுமைக்குப் போகிறது என்று கே.சி.மேத்தா என்ற ஆக்ரா விஞ்ஞானி போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே கண்டு சொன்னார். அவ்வளவு தூரம் போகும். ஆனால் பறந்துவரவும் ஒரு புறப்படும் இடம் வேண்டுமே. துருப் பூஞ்சை உயிருள்ள செடியில் மட்டும் வாழும். அதிலும் தனக்கென்று விதித்த செடியில் மட்டும். அதிமதுரத் துருவுக்கு அதிமதுரம்தான் வேண்டும். செங்குன்றம் தாண்டி, கும்மிடிப்பூண்டி தாண்டி எந்த வயலில் அதிமதுரம் நிற்கிறது? ஒன்றுமில்லை. பக்கத்தில் ஊற்றே இல்லாமல் உங்கள் மனையில் மட்டும் மழை பெய்திருக்கிறது.

இன்னொரு தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காற்றில் வந்து விழும் துரு இலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைக்கும். செடி பாட்டுக்கு வளரும். நீங்கள் எழுதியிருப்பது வேறு. தரையிலிருந்து எழும்பும்போதே துளிர் வெளிறி, ஒல்லியாக, இலை சிறுத்து வந்திருக்கிறது. தூள் ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதாவது முளைக்கும்போதே அந்தத் துளிர் நோயாளி. பூஞ்சை மண்ணுக்குள் இருக்கும் ஓடுதண்டில் குடியிருக்கிறது. மேலே ஒரு மொட்டு விழித்தால் கூடவே இதுவும் ஏறி வருகிறது. அப்படி வரும் துளிர் தலையிலிருந்து கால்வரை தூளாகி, சில வாரத்தில் காய்ந்து சாகும். அது சாவதற்குள் அதன் தூள் பக்கத்துச் செடிகளின் இலையில் போய் விழும். உங்கள் மற்ற செடிகளில் "அங்கங்கே புள்ளி" வந்த கதை இதுதான்.

ஆகவே நோய் கூரியரில் வந்திருக்கிறது. நீங்கள் வாங்கிய 30 துண்டில் சிலவற்றுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. விற்றவர் தெரிந்தே அனுப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். இலையுதிர்ந்த காலத்தில் தோண்டி வெட்டிய துண்டை வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

இப்போது மருந்துக் கேள்வி. மோர்க்கரைசலும் இஞ்சி பூண்டு மிளகாயும் இலைமேல் நிற்பவை. தண்டுக்குள் இருப்பவனை அவை தொடுவதில்லை. டிரைக்கோடெர்மா போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது மண்ணில் வேரழுகலுக்கு நல்ல காவல்காரன், இந்த வேலைக்கு ஆள் இல்லை. கடையில் போய்த் துரு என்று சொன்னால் புரோபிகோனசோல், டெபுகோனசோல் என்று ஊடுருவும் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள். நிலக்கடலைத் துருவுக்கு அந்த ரகம் வேலை செய்யும். ஏனென்றால் அங்கே நோய் இலையில் இருக்கிறது. அதிமதுரத்தில் சிக்கல் என்னவென்றால், இந்த மருந்துகள் செடிக்குள் மேல்நோக்கித்தான் நகரும், நீர் ஏறுகிற வழியில். இலையில் அடித்தது இலை நுனிக்குப் போகுமே தவிர, ஓடுதண்டுக்கு இறங்காது. மேலே எத்தனை முறை அடித்தாலும் கீழே வீட்டுக்காரன் சௌக்கியமாக இருப்பான். தவிர, அந்த மருந்துகளின் லேபிளில் அதிமதுரம் என்ற பயிரே இருக்காது. எத்தனை நாள் கழித்து வேரை எடுக்கலாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. குடிக்கப்போகிற வேருக்கு அந்த வம்பு வேண்டாம்.

"கந்தகம் அடித்ததும் நின்றுவிட்டதே" என்கிறீர்கள். நிறுத்தியது கத்திரி வெயில் சார். துரு வித்து முளைக்க இலைமேல் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும், மிதமான குளிர்ச்சி வேண்டும். மார்கழி முதல் மாசி வரை நம் ஊரில் விடியற்காலைப் பனி அதைக் கொடுக்கிறது. சித்திரைக் கடைசியில் பனியும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. நீங்கள் வெறும் தண்ணீர் அடித்திருந்தாலும் நின்றிருக்கும். ஓரம் கருகியதற்கு மட்டும் முழுப்பொறுப்பு உங்களுடையது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது கந்தகம் இலையைச் சுடும். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் எதுவும் அடிக்கக் கூடாது. நீங்கள் மூன்றாம் நாளே வேப்பெண்ணெய் அடித்திருக்கிறீர்கள். அது துரு செய்த சேதம் இல்லை.

சரி, என்ன செய்வது?

மனையில் இருக்கும் 14 செடியையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் குறித்த ஐந்தில்தானே வெளிறிய துளிர் வந்தது, மற்ற ஒன்பதை விடலாமே என்று தோன்றும். எனக்கும் மனசு வராது. ஆனால் இரண்டு வருஷத்தில் அதிமதுரத்தின் ஓடுதண்டு பக்கத்துச் செடியின் காலடிவரை போயிருக்கும். எது யாருடைய தண்டு என்று பிரிக்க முடியாது. இன்று இலையில் புள்ளியோடு நிற்கும் செடிக்கு நோய் கீழே இறங்கியிருந்தால் அடுத்த தையில் தான் தெரியும். தெரியும்போது மறுபடி ஊருக்கெல்லாம் தூவும்.

எடுக்கிற நேரம் இதுதான், ஆனியில். தூள் இல்லாத காலம், மண்ணும் ஓரளவு காய்ந்திருக்கும். ஐப்பசி மழை வரை தள்ளிப்போடாதீர்கள். விடியற்காலையில் செடிமேல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். மிச்சமிருக்கிற தூள் பறக்காது. பெரிய கருப்புக் கவரைத் தலைகீழாகச் செடிமேல் மாட்டி, அடியில் கயிற்றால் கட்டி, தரைமட்டத்தில் வெட்டுங்கள். செடி கவருக்குள்ளேயே விழும். பிறகு தோண்டுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும், அதை முழுசாக எடுக்க முடியாவிட்டால் போகட்டும். கவனம் வேண்டியது பக்கவாட்டில் ஓடும் தண்டுகளில்தான். மொட்டு வைத்திருப்பவை அவை. மண்வெட்டியால் கொத்திக் கொத்தி எடுத்தால் ஒரு தண்டு பத்துத் துண்டாகி, பத்துச் செடியாக முளைக்கும். கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். ஒரு முனையைப் பிடித்து, பக்கத்தில் மண்ணைத் தளர்த்திக்கொண்டே கயிறு இழுப்பதுபோல் இழுங்கள்.

எடுத்ததைக் கவரில் கட்டி மாடித் தளத்தில் பத்து நாள் வெயிலில் போடுங்கள். நம் ஊர் சிமென்ட் தளச் சூட்டில், கட்டிய கருப்புக் கவருக்குள், உயிருள்ள தண்டு எதுவும் மிஞ்சாது. அப்புறம் குப்பை வண்டியில் போடலாம். கொடுங்கையூர் குப்பை மேட்டில் அதிமதுரம் வளர்வதாக நான் கேள்விப்பட்டதில்லை, அங்கே போய் அது யாரையும் தொற்றாது. உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். வீட்டு உரக்குழியின் சூடு நம்ப முடியாதது, உள்ளே தண்டு துளிர்த்தாலும் துளிர்க்கும். கொளுத்தவும் வேண்டாம், உங்கள் பகுதியில் இருக்கிற புகை போதும். அடுத்த ஆறு மாதத்துக்கு மனையில் ஏதாவது அதிமதுரத் துளிர் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே பிடுங்குங்கள். அது ஒல்லியா குண்டா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த வேலை முடிந்ததும் கைகால் கழுவி, போட்டிருந்த சட்டையை மாற்றிவிட்டு மாடிக்குப் போங்கள். சொல்லக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவள்ளூர் பக்கம் நிலக்கடலைத் துரு பார்க்கப் போனேன். துரு பிடித்த வயலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணிவிட்டு, அதே வெள்ளை பேன்ட்டோடு பக்கத்துச் சுத்தமான வயலில் இறங்கி நடந்தேன். வரப்பில் நின்ற பெரியவர் என் முழங்காலைக் காட்டினார். இரண்டு முழங்காலும் செங்கல் நிறம். "டாக்டரே நோயைக் கொண்டாந்தா எப்பிடி சார்?" என்றார். காற்று எப்படியும் கொண்டுபோயிருக்கும் என்று சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நல்ல வயலை முதலில் பார்த்துவிட்டுத்தான் நோய் வயலுக்குள் போகிறேன். நீங்களும் தினசரி அந்த வரிசையிலேயே போங்கள். நல்ல செடி முதலில், சந்தேகச் செடி கடைசியில்.

செடிப்பைகள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஒவ்வொன்றும் தனி வீடு, ஓடுதண்டு தாண்ட முடியாது. எட்டில் இரண்டில் வெளிறிய துளிர் வந்ததாகப் படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டும் மண்ணோடு வெளியே போகட்டும். மண்ணை வெயிலில் பரப்பிக் காயவைத்து, தண்டு பொறுக்கிவிட்டு, கத்தரிக்கோ வெண்டைக்கோ தாராளமாகப் போடலாம். மிச்சம் ஆறு பையைப் பிரித்து, ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளியில், காற்று ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீரைக் காலையில் மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். சாயந்திரம் ஹோஸ் பைப்பில் இலையைக் குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரவு முழுக்க ஈரம் நிற்பது துருவுக்குப் போடும் விருந்து.

கார்த்திகைக் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை கை லென்ஸோடு போய்ப் பாருங்கள். புதுத் துளிர் ஒன்று மற்றவற்றைவிட வெளிறி, ஒல்லியாக, இலை சிறுத்து எழும்பினால் அந்தப் பையையே அகற்றிவிடுங்கள். தூள் வரட்டும், உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். தூள் வந்துவிட்டால் மற்ற ஐந்துக்கும் விதைத்தாயிற்று. இந்த நோயில் நம் கையிலிருக்கும் ஒரே அவகாசம் வெளிறியதற்கும் வெடிப்பதற்கும் நடுவிலுள்ள அந்தச் சில வாரம்தான். நன்றாக இருக்கும் செடிகளின் இலையைக் காக்க மட்டும், மார்கழி முதல் மாசிவரை, லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் 15 நாளுக்கு ஒருமுறை வெயில் தாழ்ந்ததும் அடிக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் பக்கமே போகாதீர்கள். இரண்டு தை, மாசி சுத்தமாகக் கடந்த பைகளை மட்டும் நோயற்றது என்று நம்பலாம்.

அவரை, ஜாதிமல்லி பற்றிக் கவலை வேண்டாம். ஜாதிமல்லிக்கும் துரு வரும், அது யூரோமைசஸ் ஹாப்சோனி. பீன்ஸ் துருவும் யூரோமைசஸ் வகைதான். குடும்பப் பெயர் ஒன்று என்றாலும் இவை ஒன்றின் வீட்டில் மற்றொன்று சாப்பிடாது. உங்கள் அவரையில் துரு வந்தால் அது அவரையின் சொந்தத் துரு.

மறுபடி நட ஆசை இருந்தால் தண்டு வேண்டாம், விதை வாங்குங்கள். துருப் பூஞ்சைகள் பெரும்பாலும் விதைக்குள் குடியேறுவதில்லை, மேலே ஒட்டிய தூளைக் கழுவிவிடலாம். அதிமதுர விதைக்குத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால்தான் முளைக்கும். மெதுவான வழிதான், ஆனால் கூரியரில் விருந்தாளி வரமாட்டார்.

நடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். அதிமதுரம் வறண்ட காற்றும், குளிர்காலத்தில் நல்ல குளிரும், ஆழமான மணற்பாங்கான மண்ணும் கேட்கிற செடி. நம் நாட்டில் அதை வளர்க்க முயல்வதே பஞ்சாப், ஹரியானா, காஷ்மீர், இமாசலம் என்று வடக்கில்தான். அப்படியும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியா பக்கமிருந்து இறங்குவது. மாத்தூரில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் தேங்கினால் இந்த வேர் அழுகும். துருவே இல்லாவிட்டாலும் உங்கள் மனை அதற்குப் பிடித்த இடமில்லை. பெரிய டிரம்மில் முக்கால்வாசி மணல் கலந்து ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்க்கலாம். வியாபாரம் நடக்காது. தேறிய வேர் கிடைக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். ராசப்ப செட்டித் தெருவில் மூட்டைக் கணக்கில் வாங்குகிறவர் உங்கள் பத்துக் கிலோவைத் தராசில் ஏற்றுவதற்கே யோசிப்பார். அங்கே விற்கப் போவதைவிட வாங்கப் போவது உத்தமம்.

பேத்திக்கும் அங்கேயே வாங்குங்கள். உங்கள் வேரில் துரு இருந்ததால் அது விஷம் என்று சொல்லவரவில்லை. இந்தப் பூஞ்சை செடிக்கு எதிரி, மனிதருக்கு இல்லை. எனக்குத் தயக்கம் மண்ணைப் பற்றி. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிக மோசமாக மாசடைந்த தொழில் பகுதிகள் என்று பட்டியல் போட்டபோது மணலியும் அதில் இருந்தது. வேர் என்பது மண்ணை உறிஞ்சி மூன்று வருஷம் சேமிக்கிற சாமான். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துதான் பார்ப்பார்கள். ஈயமும் காட்மியமும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை மனையில் விளையும் எந்த வேரையும் கிழங்கையும் குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம். கடையில் வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மஞ்சளாக, நார் நாராக, நாக்கில் வைத்ததும் இனிப்பு ஏறவேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும், அதைக் கலப்பதும் உண்டு. கொல்லைப்புறத்தில் படர்ந்த குன்றிமணியைக் காட்டி "இதுவும் அதிமதுரம்தான்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதன் விதை கொடிய விஷம். குழந்தைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, வேண்டாம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டு விஷயமில்லை. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

கடைசியாக, கேட்கிற நாலு பேருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், அந்த ஆறு பையிலிருந்தும் இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே வாங்கிப்போன இரண்டு வீட்டுக்கும் இந்த வாரமே போய் வாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அவர்கள் செடி இப்போது பச்சைப்பசேலென்று நிற்கும், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். எந்தச் செடியிலிருந்து வெட்டிக் கொடுத்தது என்று உங்களுக்கு நினைவிருந்து, அது மனைச் செடி என்றால், கையோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். பைச் செடி என்றால் தை மாதம் தரையிலிருந்து வரும் முதல் துளிரைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியை எனக்கு அனுப்பலாம். செய்தித்தாளில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம்.